அகராதி நனைந்த விதம்

“கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லு அமலு, கேக்காத கேள்விக்கு…” கேக்காத கேள்விக்கு என்ன என்று அப்பா சொன்னார்? இதே தூதரகக் கூடத்தில்தான், இந்த நீல நாற்காலிகள் வருவதற்கு முன்னால் மர பெஞ்சுகள் கிடந்த காலத்தில், என்னுடைய முதல் பிரெஞ்சுப் பாஸ்போர்ட்டுக்காக வந்தபோது, கஞ்சி போட்ட சட்டையில் இரண்டு மெடலைக் குத்திக்கொண்டு உட்கார்ந்தபடி சொன்னார். முதல் பாதி அவர் குரலோடும் மூக்குப்பொடி வாசனையோடும் அப்படியே இருக்கிறது, இரண்டாவது பாதியைக் காணோம். வாயை மூடிக்கொள் என்றாரா, அதற்குத்தான் முக்கியமாகத் தயாராக இரு என்றாரா. இரண்டும் அவர் சொல்லக்கூடியவைதான். தில்லை நேர்காணலுக்கு உள்ளே போய் இருபத்தைந்து நிமிடம் ஆகிறது. கதவில் ஒரு சின்னக் கண்ணாடிச் சதுரம், உள்பக்கம் காகிதம் ஒட்டியிருக்கிறார்கள், எட்டிப் பார்த்தால் என் நெற்றிதான் தெரிகிறது. போனை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள். சுவரில் கடிகாரம், அதன் கீழே ஊதாப் பூக்கள் வரிவரியாக ஓடும் ஒரு வயல் படம், ஓரம் வெளுத்துச் சுருண்டிருக்கிறது. பிரான்சில் இருபத்து மூன்று வருடம் இருந்தேன், அந்த வயலை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. பார்த்ததெல்லாம் ஒரு மருத்துவமனையின் அடித்தளத்தில் இருந்த சலவைக்கூடம், பன்னிரண்டாவது மாடியில் ஒரு அறை, அந்த அறையின் ஜன்னலிலிருந்து இன்னொரு பன்னிரண்டாவது மாடி. தில்லையை முதலில் கூப்பிடுவார்கள் என்று நாங்கள் நினைக்கவில்லை. தனித்தனியாகக் கேட்பார்கள் என்று தெரியும், ஒருவர் பதிலை இன்னொருவர் பதிலோடு வைத்துப் பார்ப்பார்கள் என்றும் தெரியும், ஒன்று மாறினாலும் கோப்பு மூடப்படும், கல்யாணத்துக்கான சான்று வராது, சான்று வராமல் அவளுக்கு விசா வராது. எழுந்து போகும்போது சேலை மடிப்பை ஒருமுறை நீவிக்கொண்டு, “பரீட்சைக்குப் போற பசங்க மாதிரி மூஞ்சிய வெச்சிக்காதடா” என்றாள். பரீட்சை எழுதப் போனது அவள். அவள்தான் சிரித்துக்கொண்டிருந்தாள்.

படிவத்தில் உறவு என்ற கட்டத்தில் ‘வருங்கால மனைவி’ என்று என் கையெழுத்தில் இருக்கிறது. பேனா அந்த இடத்தில் நின்றுவிட்டதால் முதல் எழுத்தில் மை கொஞ்சம் ஊறியிருக்கிறது. அதைக் கவனித்தால் என்ன நினைப்பார்கள். யாரும் மையைக் கவனிக்க மாட்டார்கள். தில்லைநாயகி, வயது நாற்பத்தாறு, பிரெஞ்சு ஆசிரியை, விவாகரத்தானவர். இதெல்லாம் உண்மை. இருபத்திரண்டு வருடமாக ‘ரயில் நிலையத்தில்’, ‘சந்தையில்’, ‘தபால் அலுவலகத்தில்’ என்று பாடம் பாடமாக நடத்தியவள், பிரான்சின் அந்த ரயில் நிலையத்தையும் சந்தையையும் பார்த்ததில்லை. இரண்டு முறை விசா கேட்டாள், இரண்டு முறையும் திரும்பி வருவீர்கள் என்பதற்கு உத்தரவாதம் இல்லை என்று காகிதம் வந்தது. “அவங்க சொல்றது சரிதானே, நான் எதுக்குத் திரும்பி வரணும்?” என்று என்னிடம் சிரித்தாள். முத்தியால்பேட்டையில் அண்ணன் வீட்டு மாடியறை, கீழே போகும்போதெல்லாம் அண்ணி “என்ன வேணும் தில்ல?” என்று மரியாதையாகக் கேட்பது, கேட்காமல் எதையும் எடுக்க முடியாதபடி அந்த மரியாதை. போன ஜூன் மாதம் கடற்கரைச் சாலையில் உட்கார்ந்திருந்தோம். நான் திரும்பி வந்து ஒரு வருடம் ஆகியிருந்தது, முதுகு வலியோடும் ஒரு பெட்டியோடும் வந்தவன், இனி எங்கும் போவதில்லை என்று அவளிடம்தான் முதலில் சொன்னேன். சுண்டல் பொட்டலத்தை விரித்து வைத்துக்கொண்டு, கடலைப் பார்த்தபடி, “அமல், என்னக் கல்யாணம் பண்ணிக்கிறியாடா?” என்றாள். வாயில் ஒரு மாங்காய்த் துண்டு இருந்தது. அதை மென்று, விழுங்கி, “பேப்பருக்கு” என்றாள். அந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு அலை வந்து கருங்கல்லில் மோதித் திரும்பியது. அந்த ஒரு அலை நேரம். அதை நான் எத்தனை முறை நீட்டிப் பார்த்திருப்பேன், மாங்காயை எவ்வளவு மெதுவாக மெல்ல வைத்திருப்பேன், எப்படி நீட்டினாலும் கடைசியில் விழுங்கிவிடுகிறாள். “ஒரே ஒரு வருஷம் கூட வந்து இரு. எனக்கு அங்க கால் ஊனிக்கத் தெரிஞ்சதும் நீ வந்துடு. நான் பாத்துக்கறேன்.” நான் பாத்துக்கறேன் என்பதை என்னமோ எனக்குச் செய்யும் உதவி போல அவ்வளவு பிரியமாகச் சொன்னாள். சரி என்றேன். யோசித்துச் சொல்லு என்றாள். யோசித்துத்தான் சொல்கிறேன் என்றேன்.

நாற்பது நிமிடம். இவ்வளவு நேரம் என்ன கேட்கிறார்கள். நிச்சயதார்த்தப் படங்களைப் பார்க்கிறார்களோ. படத்துக்காகத்தான் நிச்சயதார்த்தமே நடந்தது, படம் இல்லாமல் போனால் யார் நம்புவார்கள் என்று தில்லைதான் சொன்னாள். அவள் அண்ணன் ஏகாம்பரம் வீட்டுக் கூடத்தில் பாய் விரித்து, தட்டில் வெற்றிலை பாக்கு, ஆப்பிள், கல்கண்டு, மஞ்சள் துணியில் சுற்றிய தேங்காய். என் பக்கம் தட்டு பிடிக்க ஆள் இல்லை, அம்மாவும் அப்பாவும் போய்விட்டார்கள், பெரியப்பா மகன் சூசை ஒருவன்தான் லாஸ்பேட்டையிலிருந்து வந்தான். அவன் தட்டை வாங்கிக்கொண்டு இதை என்ன செய்வது என்று என்னைப் பார்த்தான், கோயில் காணிக்கை போல நெற்றிக்கு நேரே தூக்கினான், எல்லோரும் சிரித்தார்கள். “இந்தப் பக்கம் பாருங்க சார், மேடம் கொஞ்சம் ஒட்டி நில்லுங்க” என்றார் போட்டோக்காரர். அவள் ஒட்டி நின்றாள். தோளில் தோள் பட்டது. இத்தனை வருடப் பழக்கத்தில் என்னை முதுகில் அடித்திருக்கிறாள், தலையில் குட்டியிருக்கிறாள், சட்டையைப் பிடித்து இழுத்திருக்கிறாள், அதெல்லாம் தொடுவது என்ற கணக்கில் வராது. இது படத்துக்காக. படத்தில் நான் சிரிக்கிறேன், அவ்வளவு நன்றாக நான் எந்தப் படத்திலும் சிரித்ததில்லை, அதைப் பார்த்துவிட்டு அவளே, “யப்பா, நீ நடிக்கப் போயிருக்கணும்” என்றாள். ஏகாம்பரம் என்னைத் தனியாகப் பின்கட்டுக்குக் கூட்டிப்போனார். கண் கலங்கியிருந்தது. “மாப்ளே, எனக்கு அப்பவே தெரியும். நீ மொபெட்ல கொண்டாந்து விடுவியே, அப்பவே எங்க வீட்ல சொன்னேன், இது இங்கதான் வந்து நிக்கும்னு. நடுவுல நாந்தான் அவசரப்பட்டு அந்தப் பயலுக்குக் கட்டி வெச்சிட்டேன். மன்னிச்சிக்க.” மன்னிக்க என்ன இருக்கிறது, விடுங்க அண்ணே, என்றேன். மச்சான்னு கூப்பிடு இனிமே, என்றார். சூசைக்கும் அப்பவே தெரியுமாம். கீழ்வீட்டு அம்மாவுக்கும், அவள் பள்ளிக்கூடத்து வாட்ச்மேனுக்கும் தெரியுமாம். அப்பவே தெரியாதவள் ஒருத்திதான், அவள் அப்போது தட்டிலிருந்த கல்கண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு அண்ணியிடம் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அப்புறம் ஒத்திகை. மாடியில், தண்ணீர்த் தொட்டி நிழலில், சாயங்காலம் சாயங்காலம். ஒரு கோடு போட்ட நோட்டில் நாற்பது கேள்வி எழுதி வைத்திருந்தாள். அவளுடைய வகுப்புப் பிள்ளைகளைக் கேட்கிற குரலிலேயே கேட்பாள். என் அம்மாவின் பிறந்த ஊர், அவளுடைய முதல் கணவன் பெயர், எனக்கு எந்தக் கண்ணில் பார்வை குறைவு, அவள் காப்பியில் சர்க்கரை எத்தனை. எல்லாம் எனக்குத் தெரிந்ததே. அவளுக்கும் பெரும்பாலும் தெரிந்திருந்தது, எந்தக் கண் என்பதை மட்டும் மூன்று முறை தப்பாகச் சொன்னாள். என் பிரெஞ்சைத் திருத்தினாள், “இது சலவைக்கூடத்துப் பிரெஞ்சு, அப்பா கிட்ட படிச்சது பட்டாளத்துப் பிரெஞ்சு, மனுஷன் பேசுற பிரெஞ்சு எங்க போச்சு?” என்றாள். பதினேழாவது கேள்வி: நண்பர்களாக இருந்தவர்கள் எப்போது, எப்படி, கல்யாணம் செய்துகொள்ளும் முடிவுக்கு வந்தீர்கள்? “இதுதான்டா முக்கியம். இதுல உளறினா போச்சு. ஏதாவது சொல்லு, கதை கட்டுவோம்.” நான் தொட்டிக் குழாயிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என்ன பைத்தியம் பிடித்ததோ, கதை கட்டுவது போல, கொஞ்சம் இழுத்து இழுத்து, சொல்லிவிட்டேன். தொண்ணூற்றொன்பது, நவம்பர். சனிக்கிழமைகளில் வில்லியனூரில் ஒரு வீட்டுக்கு நீ டியூஷன் சொல்லித்தரப் போவாய், நான் மொபெட்டில் கொண்டுபோய் விடுவேன். திரும்பி வரும்போது ரயில்வே கேட் மூடியிருந்தது, கூட்ஸ் வண்டி வந்துகொண்டே இருந்தது, மழை பிடித்துக்கொண்டது. எனக்குக் காய்ச்சல். நீ பையிலிருந்து உன் பெரிய அகராதியை எடுத்து, நடுவில் விரித்து, என் தலைமேல் பிடித்தாய். உன் தலைமேல் இல்லை. பெட்டி பெட்டியாக வண்டி போய் முடிகிற வரைக்கும் கையை இறக்கவே இல்லை. அகராதி ஊறிப் பருத்துப்போனது, அப்புறம் அது மூடவே இல்லை. அன்றைக்குத்தான். சொல்லி முடித்தேன். அவள் பேனாவின் மூடியைக் கடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். ஒரு நொடி. பிறகு நோட்டால் என் முழங்காலில் அடித்தாள். “ஏய், செம ரீல்டா! மழையாம், கூட்ஸ் வண்டியாம். ரொம்ப சினிமாத்தனமா இருக்கு, எவன் நம்புவான்? இருபத்தஞ்சு வருஷம் என்ன பண்ணிட்டிருந்தீங்கன்னு கேப்பான்.” என்ன பண்ணிட்டிருந்தேன். துவைத்த போர்வைகளை மடித்துக்கொண்டிருந்தேன். “சிம்பிளா வெப்போம். கொரோனா. மொத லாக்டவுன்ல தெனம் போன்ல பேசினோமே, அது நெஜம், பில்லு கூட இருக்கும். பேசிப் பேசி அப்படியே ஆயிடுச்சு. நீதான் கேட்ட, ஏப்ரல்ல. சரியா?” சரி என்றேன். அகராதி? என்று கேட்டேன். அது ஜன்னல் ஒழுகி நனைஞ்சதுடா, அண்ணன் எப்படித் திட்டினாரு, என்றாள். நோட்டில் பதினேழுக்கு எதிரே சிவப்பு மையில் ‘கொரோனா’ என்று எழுதிக் கோடு போட்டாள்.

“யாருப்பா உள்ள? சம்சாரமா?” பக்கத்து நாற்காலி அம்மாள். மடியில் மஞ்சள் பை, பைக்குள் பிளாஸ்டிக் உறை, உறைக்குள் இன்னொரு உறை. சொல்தா வீட்டுக்காரம்மா என்று பார்த்த உடனே தெரிகிறது, புருஷன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து செத்து, பென்ஷன் வருகிற வீடு, அம்மாவும் இப்படித்தான் பையைப் பிடித்துக்கொள்வாள். இன்னும் இல்லீங்க, கட்டிக்கப் போறோம், என்றேன். அவர் என் நரையைப் பார்த்தார், பிறகு கதவைப் பார்த்தார். “நல்லது, நல்லது. எந்த வயசுல ஆனா என்ன. எங்காளு என்னக் கட்டும்போது எனக்குப் பதினாறு, அவருக்கு முப்பத்தாறு, மூஞ்சியவே ஒரு மாசம் கழிச்சித்தான் சரியாப் பாத்தேன்.” நீங்க எதுக்கு வந்திருக்கீங்க? “நான் உசுரோட இருக்கேன்னு காட்டறதுக்கு. வருசா வருசம் வந்து காட்டணும். போன வருசம் ஒரு பொண்ணு, நல்லாத்தான் இருக்கீங்களான்னு கேட்டுச்சு. நல்லா இருக்கேனான்னு ஏம்மா கேக்கற, இருக்கேனான்னு மட்டும் எழுதிக்கன்னேன்.” சிரித்தார், மேல்வரிசையில் இரண்டு பல். நானும் சிரித்தேன். சிரித்து முடித்ததும் அந்த இடம் சட்டென்று குளிர்ந்துவிட்டது, ஏ.சி. காற்று பிடரியில் படுகிறது, அன்றைக்கும் பிடரியில்தான் முதல் துளி விழுந்தது. விழுந்ததா? ஜன்னல் ஒழுகி நனைந்தது என்று அவள் அவ்வளவு நிச்சயமாகச் சொன்ன பிறகு நான் எதைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். அவளுடைய மாடியறை ஜன்னல் ஒழுகும், அதுவும் உண்மை, அதன் கீழேதான் மேசை. காய்ச்சல் இருந்தவனுக்கு என்னென்னவோ தோன்றும். ஆனால் அகராதி நடுவில் விரித்துப் பிடித்ததால் இரண்டு பக்கமும் கூரைபோலச் சரிந்து, தண்ணீர் என் இரண்டு தோளிலும் வடிந்தது, தலை மட்டும் நனையவில்லை, அச்சு மை வாசனையும் அவள் கை வாசனையும், கூட்ஸ் வண்டியில் நாற்பத்தொரு பெட்டி. எண்ணினேன், நாற்பத்தொன்று, காய்ச்சலில் எவனாவது நாற்பத்தொன்று என்று கனவு காண்பானா. காண்பான். எட்டு மாதம் கழித்துப் பிரான்சுக்குப் போனேன், போகிற வரைக்கும் சொல்லவில்லை, வேலை கிடைத்ததும் எழுதலாம் என்று இருந்தேன், வேலை கிடைத்தபோது அவளுக்குக் கல்யாணம், மூன்று வருடத்தில் அந்தக் கல்யாணம் முறிந்தபோது உடனே எழுதினால் அசிங்கமாக இருக்கும் என்று இருந்தேன், அப்புறம் ஞாயிற்றுக்கிழமை போன், அப்புறம் போனில் பேசுகிறவனுக்கு என்று ஒரு குரல் அமைந்துவிட்டது, அந்தக் குரலில் இதைச் சொல்ல முடியாது. கொரோனாவில் எதுவும் ஆரம்பிக்கவில்லை. கொரோனாவில் அவள் தினமும் இன்றைக்கு என்ன சமைத்தேன் என்று சொன்னாள், நான் ஜன்னலில் நின்று கேட்டேன். அவ்வளவுதான். அதனால்தான் அந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது. அதில் என்னிடமிருந்து எடுத்துக்கொடுக்க ஒன்றும் இல்லை. அதைச் சொல்லிச் சான்று வாங்கி, அவளை அந்த ரயில் நிலையத்தில் கொண்டுபோய் இறக்கி, அவள் ஒவ்வொரு பலகையையும் வாய்விட்டுப் படிப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்து, ஒரு வருடத்தில் திரும்பி வந்துவிடலாம், ரயில்வே கேட் எங்கே போகிறது, அது என்னோடு இருக்கும். கோப்புகளில் கிடந்தே வளர்ந்தவன் நான். பிறந்த சான்று, அப்பாவின் பட்டாளத்து எண், குடும்பப் பதிவேட்டில் என் பெயர் எதிரே காலியாக இருக்கிற கட்டம். எந்த அலுவலகத்துக் காகிதத்திலும் ஏறாதது அந்த நாற்பத்தொரு பெட்டிதான்.

கதவு திறந்தது. ஐம்பத்திரண்டு நிமிடம். முதலில் அந்த அதிகாரி வந்தாள், சின்னப் பெண், முப்பது இருக்கும், தலைமுடியைப் பென்சிலால் கொண்டை போட்டிருந்தாள், காலிக் கோப்பையைக் காட்டி, இரண்டு நிமிடம் என்று எனக்கு விரலால் சைகை செய்துவிட்டு நடைபாதையில் போனாள். பின்னால் தில்லை. முகம் சிவந்திருந்தது, பிள்ளைகள் நல்ல மார்க் வாங்கினால் அவளுக்கு அப்படிச் சிவக்கும். என் பக்கத்தில் வைத்திருந்த தண்ணீர் பாட்டிலை எடுக்கக் குனிந்தாள். “பதினேழு மாத்திட்டேன்டா,” என்றாள், உதடு அசையாமல். என்ன மாத்தின? “கொரோனான்னு சொல்ல வாயே வரல, பிரெஞ்சுல சொன்னா அவ்ளோ சப்புனு இருந்துது. உன் ரயில்வே கேட்டையே சொல்லிட்டேன். மழ, டிக்‌ஷனரி, கூட்ஸ் வண்டி, எல்லாம். அந்தப் பொண்ணு எழுதறதையே நிறுத்திட்டுப் பாத்துச்சுடா, கண்ணு தளும்பிடுச்சு. நீயும் அதையே சொல்லிடு.” தண்ணீர் குடித்தாள். தொண்டை ஏறி இறங்கியது. “நீ கட்டின கதைதானே, உனக்கு மறக்காது.” சொல்ல வாயே வரல. அது ஏன் வரவில்லை. சப்பென்று இருந்ததால், சொல்லிவிட்டாளே, அதற்குமேல் அதில் ஏதாவது இருக்கிறதா என்று நான் தோண்ட வேண்டியதில்லை, தோண்டினால் கிடைக்கும், நான் தோண்டினால் எதிலும் எனக்கு வேண்டியது கிடைக்கும். யாருக்குக் காய்ச்சல்னு கேட்டாளா என்றேன். “உனக்குத்தான்னேன். ஏன், எனக்குன்னு சொல்லணுமா?” கண்ணில் சின்ன பயம் வந்தது, நோட்டைத் தொலைத்த பயம். இல்ல, எனக்குத்தான், என்றேன். என் முதுகில் ஒன்று வைத்தாள், போடா, என்றாள். மஞ்சள் பை அம்மாள் எங்களைப் பார்த்து இரண்டு பல்லோடு சிரித்தார்.

“மெஸ்யே அமலோற்பவநாதன்” என்று அந்தப் பெண் என் பெயரைத் துண்டு துண்டாக உடைத்துக் கூப்பிட்டபோதுதான் ஞாபகம் வந்தது, அப்பா இரண்டாவது பாதியைச் சொல்லவே இல்லை. கேக்காத கேள்விக்கு என்று ஆரம்பித்தார், எங்கள் எண்ணைக் கூப்பிட்டார்கள், எழுந்துவிட்டார். அவ்வளவுதான். முப்பது வருடமாக இல்லாத ஒன்றை மறந்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். உள்ளே சின்ன அறை, மேசைமேல் எங்கள் நிச்சயதார்த்தப் படம், நான் சிரிக்கிறேன். அதன் பக்கத்தில் ஒரு தாள், நீல மையில் வரிவரியாக அந்தப் பெண்ணின் கையெழுத்து, அவள் அதைக் கவிழ்த்து வைத்தாள், கவிழ்ப்பதற்கு முன்னால் பிரெஞ்சில் ‘அகராதி’ என்ற சொல்லைத் தலைகீழாகப் பார்த்துவிட்டேன். பெயர், பிறந்த தேதி, அம்மா பெயர், தில்லையின் அண்ணன் பெயர், காப்பியில் சர்க்கரை. எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன், குரல் ஒழுங்காக இருந்தது. அந்தத் தாளில் இருப்பதை நான் இன்னொரு முறை சொல்ல வேண்டும், இரண்டும் பொருந்த வேண்டும், பொருந்தினால் முத்திரை விழும், ரயில்வே கேட்டும் மழையும் தூக்கிப் பிடித்த கையும் எண் போட்ட கோப்பில் போய்ப் படுத்துக்கொள்ளும், நானும் தில்லையும் சேர்ந்து கட்டிய கதையாக, ரெண்டு பேரும் நன்றாகச் சொன்னோம் என்று வெளியே போய் அவள் என் முதுகில் இன்னொன்று வைப்பாள். சொல்லாவிட்டால் அவள் அந்த ரயில் நிலையத்தைப் பார்க்கப் போவதில்லை, மாடியறைக்குத் திரும்புவாள், அண்ணி என்ன வேணும் தில்ல என்பாள். சாயங்காலம் கடற்கரைக்கு வருவாள். அதுவும் தோன்றியது, தோன்றவில்லை என்று சொல்ல மாட்டேன். வராமலும் போவாள், ஒரேயடியாக. எல்லாம் ஒன்றாகத் தோன்றியது, ஒரு பெட்டிக்குப் பின்னால் இன்னொரு பெட்டி. அந்தப் பெண் பென்சிலைத் தலையிலிருந்து உருவினாள், முடி தோளில் விழுந்தது, கனிவாகத்தான் கேட்டாள், இவ்வளவு வருடம் நண்பர்களாக இருந்தீர்கள், கல்யாணம் என்ற எண்ணம் எப்போது, எப்படி வந்தது என்று.

கொரோனா சமயத்தில், போனில் பேசிப் பேசி, என்று சொன்னேன்.